பெரியம்மா சொன்ன பெயர்

பெரியம்மா எங்கே போனாலும் என்னைக் கையோடு கூட்டிப்போவாள். பாசம் என்று நினைத்து நான் பூரித்துப்போவேன். உண்மையில், யாராவது வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் சொல்வதற்கு அவளுக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் செத்தாலும் சொல்லமாட்டார்கள்.

பெரியப்பா திருமங்கலம் கோர்ட்டில் பேர்போன வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய்வந்தவர், யுத்தம் முடிந்த வருஷம் டில்லி சட்டசபைக்கு நின்றார். அப்போதெல்லாம் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. பெரியம்மாவுக்குப் பிறந்த வீட்டு நிலம் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு இருந்தது.

ஓட்டுச்சாவடியில் அதிகாரி, "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றார். நான் வழக்கம்போல் கணீரென்று சொன்னேன்.

"பிள்ளை சொன்னாச் செல்லாது. ஓட்டுப் போடுறவுகதான் சொல்லணும்" என்று எழுந்தார் எதிர்த்தரப்பு ஏஜெண்டு. அவரும் வக்கீல்தான். பெரியம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். அவருக்கு அவள் யாரென்று தெரியாதாம்!

அதிகாரி கையை விரித்தார். பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "வாங்க மதினி, வீட்டுக்குப் போவோம். இந்த ஓட்டு நமக்கு எதுக்கு?" என்றாள் பின்னால் நின்றவள். பெரியம்மா திரும்பினால் அத்தனை பேரும் திரும்பிவிடுவார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அம்புட்டுத்தானே?" என்று கேட்டுவிட்டு, பெரியப்பாவின் பெயரை இனிஷியலோடு வாசல்வரை கேட்கும்படி சொன்னாள். ஏஜெண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மற்ற பெண்களும் சொன்னார்கள், சிலர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, ஒருத்தி அழுதுகொண்டே.

சாயங்காலம் பெரியப்பா, "என் பேரைச் சொன்னியாமே?" என்றார். கோர்ட்டில் முழங்குகிறவர் அன்று அடுப்படி வாசலில் நின்று மெல்லக் கேட்டார்.

"ஓட்டுக்குச் சொன்னேன். உங்களுக்கா சொன்னேன்?" என்று அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

பெரியப்பா ஜெயித்தார். வாசலில் கொட்டுச் சத்தமும் மாலையுமாக இருந்தபோது பெரியம்மா மட்டும் சாப்பிடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "பெரியப்பா ஜெயிலுக்கா போறாக? டில்லிக்குத்தானே?" என்றேன்.

"ஜெயிலுன்னா தண்டனை முடிஞ்சா விட்டுருவாக, தாயி. டில்லி விடுமா?" என்றாள்.

இதெல்லாம் தெரிந்தேதான் அன்றைக்கு அத்தனை பலமாகச் சொன்னாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. டில்லியிலிருந்து பெரியப்பா எனக்கு என்ன வாங்கி வருவார் என்று அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.