அம்மன் நடைக்கு நேரே இடது கை

நான் இடது கைக்காரன். சாப்பிடுவது, விபூதி வாங்குவது, தாம்பூலம் கொடுப்பது எல்லாம் வலது கையால்தான். வீட்டில் அப்படி வளர்த்தார்கள், நானும் மனதார அப்படியே இருந்தேன். ஆனால் ஸ்பேனரும் சுத்தியலும் கிட்டாரும் இடது கைக்குத்தான் வந்தன. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் இன்னிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிப்பேன். எண்பதுகளின் தொடக்கம் அது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கச்சேரி வைக்க ஊருக்கு ஊர் போட்டி.

குழுவை நடத்தியவர் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணாச்சி. மதுரையிலிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கி வந்தார். சிவப்பு நிறம், கழுத்தின் இரண்டு பக்கமும் கொம்பு. அதுவரை என்னிடம் இருந்தது சாதாரண மரக் கிட்டார். கம்பிகளைத் தலைகீழாக மாட்டி என் கைக்குப் பழக்கியிருந்தேன். இதையும் அப்படியே மாற்றிக்கொள், மரத்தில் மட்டும் ரம்பம் வைத்துவிடாதே என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

கம்பியை மாற்றினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டில் தடித்த கம்பிக்கு அகலக் காடியும் மெல்லிய கம்பிக்குச் சின்னக் காடியும் பள்ளமாக வெட்டியிருந்தது. மாற்றிப் போட்டதும் தடித்த கம்பி காடிக்குள் இறங்காமல் மேலே நின்றது. மெல்லியது அகலக் காடிக்குள் கிடந்து இரைந்தது. அந்தத் துண்டைப் பக்குவமாகத் தட்டிக் கழற்றித் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். பழைய டூத் பிரஷ்ஷின் பிடியை அறுத்து, சின்ன அரத்தால் ராவி, புதுத் துண்டு செய்தேன். தோளில் தொங்கவிடும் வாரை மாட்டுகிற குமிழைக் கழற்றி மறு கொம்பில் திருகினேன். பழைய துளையில் மருந்து வைக்காத தீக்குச்சிகளைப் பசை தடவி அடித்து, மட்டமாக வெட்டிவிட்டேன்.

அந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் என் மகளுக்கு அம்மை போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிக்கிற சத்தம்கூடக் கூடாது. கிட்டார் கம்பி இல்லாமல் பரண்மேல் கிடந்தது. பிள்ளை கண் திறக்காமல் கிடந்த ஒரு மத்தியானம், பிறந்த ஊர் அம்மனை நினைத்து நேர்ந்துகொண்டேன். இவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வை தாயே, வருகிற கொடையில் உன் நடைக்கு நேரே நின்று இந்தக் கிட்டாரில் உன் பாட்டை வாசிக்கிறேன் என்று. ஆத்தாள் இறங்கிக் கொடுத்தாள். தழும்புகூட அதிகம் இல்லை.

தண்ணீர் ஊற்றிய பிறகு மறுபடி கம்பி பூட்டினேன். மேல் சுரங்களுக்குப் போகப் போக சுருதி பிசகியது. கம்பிகள் கீழே வந்து முடியும் பாலத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள திருகைத் தடித்ததற்குப் பின்னேயும் மெல்லியதற்கு முன்னேயும் தள்ளி வைத்ததும் சரியாயிற்று. கிட்டாரைப் புரட்டிப் பிடித்ததால் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் இப்போது மேல்பக்கம் வந்து என் முழங்கையில் உரசி, நடுப்பாட்டில் சத்தத்தைக் குறைத்துவிடும். கையைத் தூக்கிப் பிடித்து வாசிக்கப் பழகிக்கொண்டேன். இரண்டு கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தேன். இடது கையைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

எங்கள் ஊர் புதூர்ப் பக்கம். மானாவாரிக் காடு. கொடையில் கச்சேரி மேடையை அம்மன் நடைக்கு நேர் எதிரே போடுவார்கள். முதல் பாட்டு அவளுக்கு. அது முடிகிறவரை மேடைக்கும் நடைக்கும் நடுவே யாரும் உட்காரமாட்டார்கள். அன்று மேடையில் ஏறி வாரை மாட்டி நின்றதும் என் பெரியப்பா வந்தார். கொடைக்கு அவர்தான் முன்னின்றவர்.

"ஏலே, இதென்ன நொட்டாங்கையில பிடிச்சிருக்க? ஆத்தா நடைக்கு நேரா பீச்சாங்கையை ஆட்டுவியா?"

நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். கம்பியை அமுக்கிச் சுரம் பிடிப்பது என் வலது கைதான், இடது கை சும்மா தட்டுகிறது என்றும் சொன்னேன்.

"தட்டுத கைதானலே வெளிய தெரியுது" என்றார்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஆர்மோனியத்தைப் பார்த்தார். இங்கே தகராறு என்றால் பக்கத்து ஊர்க் கொடைகளுக்கும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவர் கவலை. கடைசியில் அவரே வழி சொன்னார். மேடைக்குப் பின்னால் படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும். முன்னால் அவருடைய மச்சினன், வண்டியில் கிடந்த என் பழைய மரக் கிட்டாரை வலது கைக்காரனாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு ஒரு சுரமும் தெரியாது.

இறங்கிப் போயிருக்கலாம். நேர்ந்துகொண்ட வாக்கு தடுத்தது. படுதாவின் பின்னே, ஜெனரேட்டர் புகைக்குள், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆத்தாளின் பாட்டை வாசித்தேன். நடை தெரியவில்லை. தீபாராதனை மணிச்சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் அவன் பிடித்திருந்த கிட்டார் என் கைக்குக் கம்பி மாட்டியது, அவன் பிடியில் மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே இருந்தது. அத்தனை கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கை மட்டும் வலது கையாக இருந்தால் போதும் அவர்களுக்கு. பாட்டு முடிந்ததும் அம்மன் கழுத்து மாலையைக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டார்கள். அவனும் குனிந்து வாங்கிக்கொண்டான்.

கூட்டத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து பின்பக்கம் வந்துவிட்டாள். "ஆத்தா கேட்டிருப்பா, விடுங்க" என்றாள்.

அடுத்து வந்த கொடைகளுக்கும் இதே ஏற்பாடு என்றார் அண்ணாச்சி. மாட்டேன் என்றேன். அப்படியானால் கிட்டாரைப் பழையபடி மாற்றிக் கொடு, மச்சினன் படிக்கட்டும் என்றார். அதை மாற்றத் தெரிந்தவனும் நான்தானே. தீப்பெட்டியிலிருந்த துண்டை எடுத்து ஒட்டினேன். குமிழைப் பழைய கொம்பிலேயே திருகினேன். தீக்குச்சி அடைத்த மரம் அதை நன்றாகவே பிடித்தது. நான் போட்ட துளையில் மறுபடி தீக்குச்சி. அதற்குமேல் பூசச் சிவப்பு பெயிண்ட் கிடைக்கவில்லை.

மறு வருஷக் கொடையில் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மச்சினன் நடைக்கு நேரே அந்தக் கிட்டாரோடு நின்றான். மூன்று இடத்தில் சுருதி விட்டது. கீழ்க் கொம்பில் வெளுத்த பொட்டாக என் துளை தெரிந்தது. பெரியப்பா என் தோளைத் தட்டினார். "இப்பதாம்லே பாக்க லெச்சணமா இருக்கு" என்றார்.

என் நேர்த்திக்கடனை மறித்தவர்களை நீயே கேள் தாயே என்று வேண்டினேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி வேண்டியது தப்பு என்று உடனே பட்டது. ஆனாலும் வேண்டுதலைத் திருப்பி வாங்கவில்லை. பூசாரி தட்டோடு வந்தார். மகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி விபூதி வாங்கினேன்.