இரண்டு அட்டை மாத்திரை

போன வருடத்துக்கு முந்தைய தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செட்டிகுளத்தில் என் மாமனார் வீட்டில் நடந்தது இது. மாமனாருக்கு எழுபத்து மூன்று வயது, மாமியாருக்கு அதில் ஐந்து குறைச்சல். வெங்காயக் காட்டையும் இரண்டு கறவை மாட்டையும் விட்டு நகர மாட்டோம் என்று அங்கேயே இருக்கிறார்கள். நாங்கள் பெரம்பலூரில். என் கணவரின் தங்கை அரியலூரில். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. அவளுக்கே காலேஜுக்குப் போகிற மகள் இருக்கிறாள், இன்னமும் அவள் பாப்பாதான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாப்பாவும் லேசுப்பட்டவள் இல்லை. அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரு கட்டில். மாமாவுக்கு முட்டி வலிக்கிறதே, கீழே உட்கார்ந்து எழ முடியவில்லையே என்று உயரமான கட்டிலாகப் பார்த்து வாங்கி அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, "கட்டில அனுப்பிட்டா ஆச்சா, வந்து பக்கத்துல உக்காரணும்ல" என்று பாப்பா பக்கத்து வீட்டில் சொன்னாளாம். அது என் காதுக்கு வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை. அன்றோடு நானும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு ஞாயிறு அவள் வருவாள், அடுத்த ஞாயிறு நான் போவேன். நேருக்கு நேர் வந்துவிடக் கூடாது என்று அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பேன்.

ஆனால் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதில் மட்டும் குறை வைத்ததில்லை. மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டியது நான். மாதா மாதம் மாத்திரை வாங்கிப் போவதும் நான். "மறக்காம போடுறீங்களா மாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "போடுறேன் ஆயி" என்பார். மகளைவிட மருமகள்தான் நன்றாகப் பார்க்கிறாள் என்று ஊர் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு உள்ளுக்குள் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த ஞாயிறு நான் போய் இறங்கும்போது மணி ஒன்பதரை. கணவர் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்ததால் நான் மட்டும்தான் போனேன். வீட்டு முன்னால் வெங்காயம் குவிந்து கிடக்க, நாலைந்து பெண்கள் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஓரமாக நாற்காலியில் இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வண்டியில் வந்த எனக்கோ தை மாதக் குளிரில் உடம்பு நடுங்குகிறது, அவருக்கு நெற்றியிலிருந்து வியர்வை வழிகிறது. என்ன மாமா என்றால் பேச்சு குழறியது. "கொஞ்சம் சீனி போட்டுக் காபி குடு" என்றது மட்டும்தான் புரிந்தது.

உள்ளே போனால் அடுப்படியில் ஒரு டப்பா நிறைய ரவா லட்டு. போன வாரம் பாப்பா கொண்டுவந்தது என்றார் அத்தை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. லட்டைத் தின்று சர்க்கரை ஏறிப்போய்த்தான் மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டு, சீனி இல்லாத காபியோடு வந்து, "இந்த நெலமையிலயும் சீனி கேக்குதா மாமா?" என்று திட்டவும் செய்தேன். அவர் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் அறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஓர் அம்மா கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். மாமாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது ஏறுனது இல்லீங்க, எறங்குனது. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு தடவ இப்படி வந்திருக்கு. சீனி எங்க வச்சிருக்கீங்க?" என்றார். டிகிரி படித்தவள் அல்லவா, நான் அவரிடம் வாதாடினேன். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அத்தையிடம் கேட்டு, தண்ணீரில் சீனியைக் கரைத்து எடுத்து வந்து, மாமாவின் தலையைத் தாங்கி ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தார். கால் மணி நேரம் போயிருக்கும். மாமா நிமிர்ந்து, "நீ எப்ப வந்த ஆயி?" என்று என்னைக் கேட்டார்.

வெங்காயம் ஏற்ற வந்திருந்த குட்டி யானை வண்டியிலேயே அவரை உட்காரவைத்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். மாமா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அத்தை ஒரு டப்பாவோடு என் கையில் கொடுத்திருந்தார். டாக்டர் அதை மேஜையில் கவிழ்த்தார். இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று நான் வாங்கியது. இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை.

"பேருதான் வேற வேற, ரெண்டும் ஒரே மருந்து. டபுள் டோஸ் உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். அன்று ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று காலையில் சாப்பிடாமல் வேறு இருந்திருக்கிறார் மாமா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், அந்தச் சீனித் தண்ணீர்தான் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டில் மாத்திரைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரலும் அதே நேரத்தில் "நான்தான்" என்றது. திரும்பினால் பாப்பா. அத்தை போன் போட்டதும் அரியலூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்திருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் தன் பங்குக்கு அப்பாவை அரியலூரில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். பழையதை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியும் இருக்கிறாள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

கையில் டிரிப்ஸ் ஏற, கட்டிலில் படுத்திருந்த மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பா வாங்கியாந்தத போடலன்னா அது அழுவும். மத்தத நிறுத்துனா மருமவ மொகம் வாடிப்போயிரும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவும் மாட்டேங்கறீங்க, நான் யாருட்ட போயி சொல்றது? அதான் ரெண்டையும் போட்டுக்கிட்டேன்" என்றார். ஏதோ தன் மேல்தான் தப்பு என்பது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

பாப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை. "சீனி கேட்ட மனுஷன திட்டிட்டேன் பாப்பா" என்றேன். "நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம் அண்ணி" என்றாள். அண்ணி என்று அவள் கூப்பிட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மாமாவை அனுப்பினார்கள். இரண்டு பேரும் கூடவே இருந்தோம், ஒரே பொட்டலத்துச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டோம். இப்போது ஒரே டாக்டர்தான். என்ன வாங்கினாலும், எங்கே காட்டினாலும் முதலில் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். சண்டையும் போடுகிறோம், அது இல்லாமலா? ஆனால் போனை மட்டும் எடுக்காமல் இருப்பதில்லை. சீனி கரைத்துக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி சொல்ல அடுத்த வாரம் தேடினேன். வேப்பந்தட்டைப் பக்கத்து ஆள் என்பதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியவில்லை.

மாமா நன்றாக இருக்கிறார். ஆனாலும் அந்த இரண்டு அட்டைகளும் மேஜையில் விழுந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்களுக்குள் நடந்த வீம்பை, ஒரு வார்த்தை பேசாமல் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான்.