ட்ரான்ஸ்பார்மரை ஏற்றிப் போன லாரி

அன்னூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் ட்ரான்ஸ்பார்மர் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. அதற்கு மாலை போட்டுச் சூடம் காட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். கோயமுத்தூரில் அவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பம்புசெட்டுக்கு உதிரிப் பாகம் செய்யலாம் என்று இரண்டு பழைய லேத்துகளை வாங்கிவந்து கொட்டகையில் நிறுத்தியிருந்தார். ஊரில் ஆறு பேருக்கு வேலை தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். ஆனால் இருந்த கரண்டில் ஒரு லேத்துகூட ஓடாது.

கம்பம் நட்டாயிற்று. கம்பி இழுப்பதற்குள் தேர்தல் வந்து ஆட்சி மாறியது.

ஜெயித்த கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அப்பா கொட்டகையில் இருந்தார். அம்மா மோர் எடுக்க உள்ளே போனாள். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்மணி, உங்க ஊட்டுல எந்தச் சின்னத்துக்குப் போட்டாங்க?"

பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். தோற்ற கட்சியின் சின்னத்தைப் பளிச்சென்று சொன்னேன். "எங்க ஊரே அதுக்குத்தானுங்க" என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். கெட்டிக்காரி என்று கன்னத்தில் தட்டிவிட்டு, மோரையும் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ட்ரான்ஸ்பார்மரைத் திரும்ப ஏற்றிப் போக லாரி வந்தது. அப்பா குறுக்கே போய் நின்றார்.

"ஏனுங்க, இது எங்க ஊருக்குச் சாங்சன் ஆனதுங்க."

"தெரியுமுங்க. மேல இருந்து ஆர்டர். நாங்க என்னங்க பண்ணட்டும்?" என்றார் லைன்மேன், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்.

ட்ரான்ஸ்பார்மர் பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே ஜெயித்த கட்சிக்கு ஓட்டு இருந்தது. ஓட்டுவதற்கு ஒரு மெஷின் இல்லை. கோயில் நோம்பிக்குச் சீரியல் பல்பு போட்டார்கள். அப்பா இரண்டு வருடம் மனு எழுதிப் பார்த்தார். கடைசியில் லேத்துகள் பழைய இரும்பாகப் போயின. ஆறு பேரில் நான்கு பேர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். அப்பா மதுக்கரையில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார்.

லாரி வந்துபோன அன்று சாயங்காலம், நான் சொன்ன பதிலைப் பெருமையாக அப்பாவிடம் ஒப்பித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நெசத்தத்தானே சொன்னே கண்ணு, தப்பில்ல" என்றார். பிறகு, "இனிமே யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடு" என்றார்.

தப்பில்லாத ஒன்றை நான் ஏன் மறைக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அதைச் சொல்லும்போது அப்பா ஏன் குரலைத் தாழ்த்தினார் என்பதும்தான்.