ரெஜினா அக்கா கொடுக்காத எண்

ரெஜினா அக்கா உயிரோடிருந்தபோது கொடுக்க மறுத்ததை, அவர் இறந்த மறுநாளே கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். மரண வீட்டு வாசலில் எங்கள் கட்சி வேட்பாளர் ஒரு பெனர் கட்டியிருக்கிறார். அதில் அக்காவின் முகம் சிறியது, வேட்பாளருடைய முகம் பெரியது. கீழே, “என் வெற்றிகள் எல்லாவற்றிலும் துணைநின்ற தாய்” என்று எழுதியிருக்கிறது. அது பொய். முதல் வெற்றியில் மட்டுந்தான் அக்கா அவருக்குத் துணைநின்றார். பிறகு நின்றது கட்சியோடு, அவரோடு அல்ல. இந்த வித்தியாசம் தெரிந்தவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

எத்தாளையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அக்காவின் மகள் ஜெசிந்தா அழைத்தார். “மாமா, அம்மா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா.” பஸ் வந்தது. ஏறாமல் வந்த வழியே திரும்பி நடந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெஜினா அக்கா கற்பிட்டிக் கரையில் கருவாடு காயப்போட்டு வாழ்ந்தவர், கத்தோலிக்கர். நான் முஸ்லிம், உப்பளத்தில் வேலை செய்தவன், பழைய பத்திரிகைகளை வாசித்து அரசியல் கற்றவன். வயதில் நான் மூத்தவன். ஆனாலும் ஊர் அழைத்தபடி நானும் அவரை அக்கா என்றேன். அவர் என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பதுபோல், நாநா என்றார். ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டே காலத்தைக் கழித்தோம்.

எல்லா இனத்து ஏழைக்கும் ஒரே நியாயம் என்று பேசிய எங்கள் கட்சி அப்போது மிகச் சிறியது. கூட்டத்துக்கு அடுக்கிய கதிரைகளில் பாதி காலியாகக் கிடக்கும். சுவரொட்டிக்குக் கோதுமை மாப் பசை காய்ச்சுவது அக்காவின் வேலை. நாங்கள் ஒட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால், வீதிக் கழுதைகள் வந்து மாவின் ருசிக்குச் சுவரொட்டிகளை உரித்துத் தின்னும். நான் கல்லெடுத்தேன். அக்கா கையைப் பிடித்தார்.

“விடுங்க நாநா. இந்த ஊரில நம்மட கொள்கைய முழுசா விழுங்கினது இதுகள் மட்டுந்தான்.”

வேட்பாளர் அந்த நாளில் பழைய சைக்கிளில் வருவார். அக்காவின் கருவாட்டு வாடிக் கொட்டிலில் இருந்து பிளேன்டீ குடிப்பார். அவரிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. கடலிலிருந்து கருவாடு காயும் மணலுக்கு வரும் பாதையை யாரும் அடைக்கக் கூடாது. மீன் கூடை சுமக்கும் பெண்களுக்கு அதுதான் வழி. “நான் இருக்கும் வரைக்கும் அங்க ஒரு கம்பியும் வராதக்கா” என்றார் அவர். அந்தத் தேர்தலில் அக்கா கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டார். கீழே, கட்சிப் பட்டியலில் யார் தெரிவாக வேண்டும் என்று காட்டும் விருப்பு எண்களில், வேட்பாளருடைய எண்ணுக்கும் போட்டார். அவர் வென்றார்.

அடுத்த தேர்தலுக்கு முன்பே வேலி வந்துவிட்டது. ஒரு ஹோட்டல் முதலாளி கொங்கிரீட் தூண் நட்டுக் கம்பி இழுத்தார். முறையிடலாம் என்று கட்சிக் கூட்டத்துக்குப் போனோம். மேடையில் அந்த முதலாளியே இருந்தார். எங்கள் கட்சிப் பட்டியலில் அவரும் ஒரு வேட்பாளராம்.

“அவர் இல்லாட்டி இந்தப் பக்கம் வாக்கு விழாதக்கா. இந்த முறை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்க” என்றார் சைக்கிளில் வந்த எங்கள் வேட்பாளர்.

“சபையில மற்றக் கட்சியோட சேரக்கயும் இந்த முறை மட்டும் எண்டுதான் சொன்னீங்க மகன். உங்கட இந்த முறை எப்ப முடியும்?”

“அரசியல் எண்டா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணுமக்கா.”

“நான் வளையாமலா? கூடையத் தலையில வெச்சுக்கொண்டு உங்கட வேலியச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சுதானே வாறன்!”

கூட்டம் சிரித்தது. வேட்பாளரும் சிரித்தார். வேலி அப்படியே நின்றது.

அன்றோடு நான் வாக்களிப்பதை நிறுத்தினேன். தேர்தல் காலையில் அக்கா கோயிலுக்குக் கட்டும் சாரியோடு என் வாசலுக்கு வந்தார். நான் வெறும் மேலோடு இருந்தேன்.

“சேட்டைப் போடுங்க நாநா, போவம்.”

“வேலி போட்டவனுக்கும் அவனோட கூட்டுச் சேர்ந்தவனுக்கும் போட என்னால ஏலாது.”

“ஆர் அவங்களுக்குப் போடச் சொன்னது? கட்சிக்கு ஒரு புள்ளடி. எண்ணெல்லாம் வெறும். கொள்கை நம்மட, ஆள்தான் அவங்கட.”

“வெறுமையா விட்டா அவனுக்கு விளங்கப் போகுதா?”

“நீங்க வீட்ட இருந்தா மட்டும் விளங்குமா? கிழவன் மௌத்தாப் போயிட்டான் எண்டு நினைப்பான்!”

நான் போகவில்லை. அவர் போனார். பிறகு வந்த தேர்தல்களிலும் அப்படித்தான். அவர் கூப்பிடுவார், நான் மறுப்பேன், திரும்பி வரும்போது மை பூசிய சின்ன விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டுப் போவார். வேட்பாளர் ஆதரவு கேட்டு வந்தால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்: “கட்சிக்குப் போடுவன். உங்கட நம்பருக்கு இல்லை மகன். பாதையத் திறந்தா தாறன்.”

தேர்தல் முடிந்து கழற்றிப்போடும் பெனர்களை அவர் சேர்த்தெடுத்து, மணலில் விரித்து நெத்தலி காயப்போடுவார். வேட்பாளரின் முகம் எப்போதும் மண்ணைப் பார்த்தே கிடக்கும். ஏன் என்று கேட்டேன். “இவர் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு கிடந்தா மீனுக்கு வெக்கமா இருக்காதா நாநா?” என்றார்.

கடைசியாகக் கண்டபோது மிகவும் தளர்ந்திருந்தார். அப்போதும் அந்தப் பேச்சுத்தான். “எனக்கு அவனோட கோவமில்லை நாநா. சைக்கிள்ல வந்த பொடியன்தானே. வேலியக் கழட்டட்டும், அடுத்த முறை நம்பரக் குடுத்துருவன்.” அவருக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது.

அக்காவைப் புதைத்த சேமக்காலை கடலோரம் இருக்கிறது. பெட்டியைச் சுமந்தவர்கள் அந்த வேலியைச் சுற்றித்தான் போனார்கள். கடைசிப் பயணத்திலும் அக்கா வளைந்தே போனார்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெனரை வேட்பாளர் தன் கையால் கழற்ற வேண்டும், பொடியன்களை அனுப்பக் கூடாது. அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன் முதலாளி பாதையை மறித்த தூண்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் கட்சி அவரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். கரைக்குப் பொறுப்பான அதிகாரி ஒருநாள் மீன் கூடையோடு அந்த வேலியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். ஜெசிந்தா, பெனரை எறிந்துவிடாதே மகள். அம்மாவின் படத்தைக் கவனமாக வெட்டியெடுத்து வீட்டில் வை. மீதியை மணலில் விரித்து நெத்தலி போடு. எந்தப் பக்கம் கீழே என்று உனக்குத் தெரியும்.

இனி என் பங்கு. வாக்களிப்பதைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் என் வாசலில் நின்று கூப்பிட ஆளில்லை. கூப்பிடாமலே நான் சேட்டைப் போட்டுக்கொண்டு போவேன். கட்சிக்கு ஒரு புள்ளடி, எண்ணெல்லாம் வெறும். திரும்பும் வழியில் சேமக்காலைக்கு வந்து சின்ன விரலைக் காட்டுவேன்.

இந்த முறை மட்டும், அக்கா.