'ஆன் பர்பஸ்' என்று எழுதிய குமாஸ்தா

ராயபுரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஞானதுரை குமாஸ்தாவாக இருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். இங்கிலீஷ் பத்திரிகையில் புதிதாக ஒரு சொற்றொடர் கண்ணில் பட்டால், அடுத்து எழுதும் ரிப்போர்ட்டில் எப்படியாவது நுழைத்துவிடுவார். பொருள் பாதி தெரிந்தால் போதும், மீதியை ஊகித்துக்கொள்வார். வெள்ளைக்கார மானேஜர் ஒரு தடவை "குட்" என்று சொல்லிவிட்டதில் அந்தப் பழக்கம் இன்னும் முற்றிப்போயிருந்தது.

1951 மழைக்காலத்தில், கிரேன் தூக்கிய மூட்டைக்கட்டு அறுந்து வரதன் என்ற கூலியாளின் காலில் விழுந்தது. ரிப்போர்ட் எழுதியது ஞானதுரை. வேலை நிமித்தமாகத்தான் அவன் சுமைக்குக் கீழே போனான் என்று சொல்ல வேண்டும். 'ஃபார் வொர்க்' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பிள்ளை எழுதியது போல இருந்தது. பர்பஸ் என்றால் காரியம்தானே என்று 'ஆன் பர்பஸ்' என்று எழுதிவிட்டார்.

அந்த வாரமே வரதனின் மனைவி பச்சையம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சாமி எழுதி வெச்சே? எங்கூட்டுக்காரு சாவறதுக்கோசரம் போய் நின்னாராம். போலீஸ்காரன் ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டுகினு கீறான். கேசு போடுவானாம்!"

ஞானதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. தலைமைக் குமாஸ்தா அருள்பிரகாசத்திடம் ஓடினார்.

"ஆன் பர்பஸ்னா வேணும்னே செய்யறதுய்யா. தெரியாமலா எழுதினீர்?"

"திருத்திக் கொடுத்துரட்டுமா சார்?"

"கம்பெனிக்கு இதுதான் சௌகரியம், தப்பு கூலியாள் மேலன்னு ஆயிடும். பேசாம இரும். திருத்தினா உமக்குத்தான் ஆபத்து."

அன்று மதியம் ஞானதுரை சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. ஒரு தாளை எடுத்து, அலங்காரம் எதுவும் இல்லாமல், வரதன் வேலைக்காகத்தான் அங்கே போனான், அந்தச் சொற்றொடரின் பொருள் தெரியாமல் நான் எழுதிவிட்டேன் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரே போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞானதுரைக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

கேஸ் நின்றுபோனது. வரதனின் கால் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஞானதுரையை எழுத்து வேலையிலிருந்து நீக்கிக் கிடங்குக் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள்.

பங்குனி வெயிலில் வரதன் கட்டை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தான்.

"எழுதற ஐயாவா? இங்க இன்னா பண்ணிகினு கீறே?"

"கேட்டுல போட்டுட்டாங்க, வரதா."

"என்னாலயா?"

"என்னாலதான்."

வெளியாட்களை விடக் கூடாது என்பது உத்தரவு. ஞானதுரை கதவைத் திறந்தார். வரதனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தரச் சொல்லிக் கேட்க மானேஜர் அறை வரைக்கும் அவனோடு போனார். இல்லையென்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார்கள். இருவரும் திரும்பி நடந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி கடக்கும்வரை வரதன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.