மகாலிங்கம் அண்ணாச்சி மேசையில் பாதியில் நின்ற எங்கள் மெஷின்

இந்த நேரத்தில் பதிவு போட்டுத் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

மகாலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான். முந்தாநாள் மத்தியானம் கடையிலேயே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை.

இன்று மகாராஜபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் பழக்கமானது பிளைட் சிமுலேட்டரால்.

என் கணவர் அரவிந்த் பைலட் லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, வேலை கிடைக்கவில்லை. போன வருஷம் ஒரு விமானக் கம்பெனியின் சிமுலேட்டர் டெஸ்டில், லேண்டிங்கில் கோட்டை விட்டார். இன்னும் ஒரே ஒரு சான்ஸ் தந்திருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை.

நிஜ சிமுலேட்டருக்கு பெங்களூர் போக வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அவர் பழகுகிற விமானம். ரன்வே நெருங்கும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகும் என்று யூடியூபில் பார்த்து வாங்கிப் போட்டோம். ஒரு வித்தியாசமும் இல்லை. கேபினட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனோம்.

"மானிட்டர் வயர எதுல சொருகியிருந்திய?" என்றார். அரவிந்த் தொட்டுக் காட்டினார். புதுக் கார்டை விட்டுவிட்டு, பழையபடி மதர்போர்டிலேயே சொருகியிருந்தோம்.

"ரெண்டு மாசமா ஆளக் கூட்டியாந்து வேலை குடுக்காம உக்கார வச்சிருக்கியளே தம்பி... அவன் ஒங்களப் பத்தி என்ன நெனப்பான்?"

அரவிந்த் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அப்போது பல மாதம் ஆகியிருந்தது.

அப்புறம் கொஞ்ச நாளில் மறுபடி திக்கல். இருபது நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு நிற்கும். புது ரேம், பெரிய கார்டு, பெரிய மானிட்டர் என்று லிஸ்ட் எழுதிக்கொண்டு போனோம். அண்ணாச்சி லிஸ்டை வாங்கவே இல்லை. ப்ராசசர் மேலிருந்த ஃபேனைக் கழற்றினார்.

உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு. எங்கள் பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணித் தறி ஓடுகிறது.

"யம்மா, இத வச்சே ஒரு ஆளுக்குக் கட்டுப் போட்டுறலாம் போலயே," என்றார். பிறகு அரவிந்திடம், "சூடேறி இது தெணறுது தம்பி. நீங்க எறக்குற நேரம் பாத்து உக்காந்துருது. ஒங்க கையில கொறை இல்ல."

வண்டியில் திரும்பி வரும்போது அரவிந்த், "கேட்டியா, என் கை இல்லையாம்," என்றார்.

அன்று அண்ணாச்சி எங்களிடம் ஒரு சாமானும் விற்கவில்லை.

இந்த முறை சிமுலேட்டரே புது வெர்ஷன். பெரிய ஏர்போர்ட் வந்தால் இழுக்கிறது. "கார்டு இருக்கட்டும். மானிட்டர் ஆசையே வேண்டாம். ப்ராசசர மட்டும் மாத்துவோம்," என்றார். எங்கள் போர்டு பழசு. புது ப்ராசசரை அது ஏற்றுக்கொள்ள, முதலில் போர்டை எழுப்பிவிடுகிற பயாஸ் என்ற புரோகிராமுக்கு அப்டேட் போட வேண்டுமாம். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடுமாம்.

"நானே பக்கத்துல உக்காந்து பாத்துக்கிடுதேன். நீங்க செய்யப்போயி கெடுத்துறாதிய."

உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார்.

அவர் மனைவி, அந்த அழுகையிலும், என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "பைலட் தம்பி வீடுதான நீ? ஒங்க பெட்டிதான் மேசையில ஓடிட்டு இருந்துச்சாம். பக்கத்துக் கடைக்காரவிய கரண்டு அடிச்சிருச்சோன்னு பதட்டத்துல மெயின் சுவிட்ச அமத்திட்டுத்தான் அவியளத் தூக்கியிருக்காவ. எடுத்துட்டுப் போ தாயி... அவியளே இல்ல, இது எதுக்கு இங்க."

கொண்டுவந்து மாட்டினோம். ஃபேன் சுற்றுகிறது. ஸ்கிரீன் வரவில்லை.

அப்டேட் பாதியில் நின்றதா, அதற்கு முன்பே முடிந்துவிட்டதா, பஸ் குலுக்கலில் ஏதாவது கழன்றதா... ரேமை எடுத்து மாட்டிப் பார்த்தாயிற்று. பழைய ப்ராசசர் இன்னும் போர்டில்தான் இருக்கிறது. புதுசைப் பிரிக்கவே இல்லை.

ஒரு குரூப்பில் போர்டை மட்டும் மாற்று என்கிறார்கள். இன்னொன்றில் போர்டு, ரேம், பவர் சப்ளை எல்லாமே மாற்றச் சொல்கிறார்கள். தப்பாக ஆர்டர் போட்டால் திருப்பி அனுப்ப நாள் இல்லை. எது வேண்டாம் என்று சொல்ல ஒருத்தர் இருந்தார்.

சாயங்காலம் அரவிந்த் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கறுத்த ஸ்கிரீன் முன்னால் வேகம் கூட்டும் த்ராட்டில் பிடியை மட்டும் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தார். விமானம் எங்கே என்பதுபோல அவள் ஸ்கிரீனைத் தட்டினாள்.

"விடு. இதுவும் போச்சுன்னா சேத்தூருக்குப் போயி அப்பாகூட வயல்ல நிக்கேன்," என்றார் என்னிடம். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை தோற்றுவிட்டு வந்தபோதும் இப்படித்தான் பேசினார், பிறகு ஒரு மாதம் பேசவே இல்லை.

ஒரு மனிதர் போன துக்கத்தில் உதவி கேட்பது எனக்கே கூசுகிறது. அவர் வீட்டார் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, எங்கள் வேலை இல்லையென்றால் அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பீர்களோ... தெரியவில்லை. நிம்மதியாகப் போங்கள்.

அவரிடம் வேலை பழகியவர்கள், பாதியில் நின்ற பயாஸைத் திரும்ப எழுதத் தெரிந்தவர்கள்... ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, எங்கே இருந்தாலும் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.