அப்பா தொலைக்காத கண்ணாடி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். சேதன இரசாயனத்தில் களைநாசினிகளின் தாக்கப் பொறிமுறையைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு லீவுக்கு உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். அப்பா மலையில் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லார் முன்னாலும், மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கத்தினேன்.

"கண்டாக்கையா, எங்க லேப்ல ஒரு சொட்டு தொடவே கண்ணாடி போடணும். எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் குடுக்கல?"

"வருசம் பொறந்ததுமே குடுத்தோமேம்மா. தொலைச்சிட்டேன்னாரு. ஆளுக்கு ஒன்னுதான், மறுபடி தர ஏலாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடத் தொடக்கத்தில், லேப்புக்குக் கண்ணாடி வேண்டுமென்று நான் வீட்டில் கத்தியபோது, "எனக்கு மாத்து இருக்கு, நீ கொண்டு போ" என்று அப்பா ஒன்றைத் தந்திருந்தார். நானும் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று தர மறுத்த தோட்டத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாடத்தில் 'ஏ' வாங்கியவள் நான்.